பான்டெனில் இஸ்லாமும் டச்சு ஆட்சியும்

பான்டென், ஜாவா தீவின் மேற்கு நுனியில் சுண்டா நீரிணையை ஒட்டிக் கிடக்கும் நிலப்பகுதி; இன்று இந்தோனேசியாவின் மாகாணங்களுள் ஒன்று. வடகரைச் சமவெளியில் ஜாவா மொழியும் தெற்கு மலைநாட்டில் சுண்டா மொழியும் பேசப்படுகின்றன. ஒரு சுல்தானகம் அழிந்த பிறகு அதன் செல்வாக்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதே இப்பகுதியின் நானூறு ஆண்டு வரலாற்றை விளங்கிக்கொள்ள உதவும் கேள்வி.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பான்டென், பஜாஜாரன் என்ற சுண்டா இந்து அரசின் மிளகுத் துறைமுகமாக இருந்தது. 1522இல் அந்த அரசு போர்ச்சுக்கீசியருடன் உடன்படிக்கை செய்துகொண்டது. ஜாவாவின் வடகரையில் எழுந்துவந்த முஸ்லிம் அரசான டெமாக் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1520களின் இறுதிக்குள் சுனன் குனுங் ஜாதி டெமாக்கின் படைத்துணையோடு பான்டெனைப் பிடித்தார். அவருடைய மகன் மௌலானா ஹசனுத்தீன் புதிய அரசின் முதல் ஆட்சியாளரானார். படையோடும் வணிகத்தோடும் வந்து குடியமர்ந்தவர்களால் சுண்டா நாட்டின் வடகரையில் ஜாவா மொழி வேரூன்றியது. 1579இல் ஹசனுத்தீனின் மகன் மௌலானா யூசுப் பஜாஜாரனை முற்றாக வீழ்த்தினார். லெபாக் மலைகளில் வாழும் படூய் மக்கள் மட்டும் இன்றுவரை பழைய சுண்டா சமயத்தையே பின்பற்றுகிறார்கள். 1638இல் மக்காவிலிருந்து பான்டென் அரசருக்குச் சுல்தான் பட்டம் வந்தது. மிளகு வாங்க வரும் கப்பல்களும் ஹஜ் பயணிகளும் இந்தத் துறைமுகத்தை அரபு உலகத்தோடு பிணைத்திருந்தனர்.

டச்சுக்காரரின் முதல் கப்பல்கள் 1596இல் இங்குதான் வந்து நின்றன. 1619இல் அவர்கள் அருகிலேயே பத்தாவியாவை (இன்றைய ஜகார்த்தா) நிறுவியதும் இரு துறைமுகங்களுக்கும் இடையே போட்டி மூண்டது. சுல்தான் அகெங் திர்தயாசா காலத்தில் பான்டென் தலைநிமிர்ந்து நின்றது. ஆனால் அவருடைய மகன் சுல்தான் ஹாஜி, தந்தைக்கு எதிராக டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணையைத் தேடினார். தந்தை தோற்றார். வென்ற மகனோ மிளகு வணிகம் முழுவதையும் கம்பெனிக்கே விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. முதிய சுல்தானுக்குத் துணைநின்று போரிட்ட மார்க்க அறிஞர் மக்காசார் ஷெய்கு யூசுப், 1684இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே இருந்தபடி அவர் அரபியில் நூல்கள் எழுதினார். ஹஜ் கப்பல்களில் வந்து போனவர்கள் வழியே சொந்த நாட்டோடு தொடர்பையும் காத்துக்கொண்டார். 1694இல் டச்சுக்காரர் அவரை இன்னும் தொலைவுக்கு, நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பினர். 1699இல் அங்கேயே காலமானார்.

சுல்தானகத்தின் முடிவு நெடுங்காலம் இழுபட்டது. 1750இல் கியாய் தாப்பா என்பவரின் தலைமையில் பெருங்கிளர்ச்சி மூண்டு அடக்கப்பட்டது. 1808இல் டச்சு ஆளுநர் நாயகம் டான்டெல்ஸ், உஜுங் குலோனில் கடற்படைத் துறைமுகம் அமைக்கக் கூலியாட்களைக் கேட்டார். அங்கே அனுப்பப்பட்டவர்கள் காய்ச்சலில் மடிந்துகொண்டிருந்ததால் சுல்தான் மேலும் ஆட்களை அனுப்ப மறுத்தார். டச்சுத் தூதர் கொல்லப்பட்டார். டான்டெல்ஸ் படையோடு வந்து தலைநகரைத் தாக்கினார். இடையில் சில ஆண்டுகள் ஜாவா ஆங்கிலேயர் கைக்கு மாறியிருந்தபோது, 1813இல் அவர்களுடைய ஆளுநர் ராஃபிள்ஸ் சுல்தானின் ஆட்சியுரிமையைப் பறித்தார். டச்சு ஆட்சி திரும்பிய பின், 1832இல் கடைசி சுல்தான் சுரபாயாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அரண்மனையின் இடத்தை நிரப்ப டச்சு அரசிடம் இருந்தது அதிகார வரிசை ஒன்றுதான்: மேலே ஐரோப்பிய ரெசிடென்ட், கீழே ‘பிரியாயி’ எனப்பட்ட உள்ளூர் உயர்குடி அதிகாரிகள். வரியும் கட்டாய உழைப்பும் இந்தப் பிரியாயிகளின் கை வழியாகவே குடியானவர்மீது இறங்கின. லெபாக் மாவட்டத்தில் உள்ளூர் ரீஜென்ட் (மாவட்டத்தின் தலைமைப் பிரியாயி) குடிகளின் எருமைகளையும் உழைப்பையும் பறித்ததை 1856இல் அங்கு துணை ரெசிடென்டாக வந்த எடுவார்ட் டவ்ஸ் டெக்கர் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் அவர் பக்கம் நிற்கவில்லை. சில மாதங்களிலேயே பதவி விலகியவர், முல்தாதூலி என்ற புனைபெயரில் 1860இல் வெளியிட்ட ‘மாக்ஸ் ஹவெலார்’ நாவல் நெதர்லாந்தையே உலுக்கியது.

இப்படிப்பட்ட அதிகாரிகளிடம் மக்கள் மதிப்பு வைக்க வழியே இல்லை. சுல்தானுக்குச் செலுத்திய பணிவை அவர்கள் ‘கியாய்’ எனப்படும் ஊர் ஆலிம்களுக்குச் செலுத்தினார்கள். கியாயின் வீட்டைச் சுற்றி மாணவர்கள் தங்கிக் கிதாபு ஓதும் ‘பெசன்ட்ரென்’ மதரஸாக்கள் பெருகின. ஹஜ் செய்து திரும்பியவர்கள் ஊரில் உயர்ந்தார்கள். டச்சு அரசு 1825இல் ஹஜ் பயண அனுமதிக்கு 110 கில்டர் கட்டணம் விதித்துப் பார்த்தது. 1852இல் அதைக் கைவிட்டது. 1859இல் திரும்பி வருபவரை விசாரித்துப் பார்க்கும் விதியைக் கொண்டுவந்தது. எதுவும் பயணிகளைத் தடுக்கவில்லை. தனாரா என்ற சிற்றூரில் பிறந்த நவவி அல்பன்தானி (1813–1897) மக்காவிலேயே தங்கி, தென்கிழக்காசிய மாணவர்கள் தேடிவரும் பேராசானாக விளங்கினார். அதே தனாராவைச் சேர்ந்த ஹாஜி அப்துல் கரீம் 1870களில் ஊர் திரும்பி, காதிரிய்யா - நக்‌ஷபந்திய்யா என்ற சூஃபித் தரீக்காவைப் பரப்பினார். தனித்தனி மதரஸாக்களாகச் சிதறிக் கிடந்த கியாய்களை ஒரே வலையில் இணைத்தது இந்தத் தரீக்காதான்.

அடுத்து வந்த ஆண்டுகள் கொடியவை. கால்நடைக் கொள்ளைநோயைத் தடுக்க அரசு எருமைகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. மனிதரைக் காய்ச்சல் வாரிக்கொண்டது. 1883 ஆகஸ்ட் 27இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தெழுப்பிய கடலலை அன்யெர், சாரிங்கின் ஊர்களைத் துடைத்தெடுத்தது. நீரிணையின் இரு கரைகளிலுமாக 36,000 பேருக்கு மேல் மாண்டனர். பசியில் கிடந்த குடிகளிடம் அப்போதும் வரி கேட்கப்பட்டது. போதாக்குறைக்கு, பள்ளிவாசலில் உரத்த குரலில் ஓதுவது அதிகாரிகளின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று தடை வந்தது. மக்கள் படையல் வைத்த ஒரு மரத்தை வெட்டச் செய்ததற்காக ஹாஜி வாசித் என்ற கியாய்க்கு அபராதம் விதிக்கப்பட்டது. இந்த அவமதிப்புகளைச் சிறு நிகழ்ச்சிகளாக எண்ணி ஒதுக்கிவிட முடியாது. வயிற்றில் அடித்த அரசு வழிபாட்டிலும் கைவைத்தபோதுதான் பொறுமை அற்றுப்போயிற்று.

1888 ஜூலை 9 விடியலில் ஹாஜி வாசித்தும் அவருடைய தோழர்களும் திரட்டிய கூட்டம் சிலெகோன் நகரைத் தாக்கியது. துணை ரெசிடென்ட் குபல்ஸும் அவருடைய மகள்களும் கொல்லப்பட்டனர். ஆயினும் கிளர்ச்சிக்காரர் தேடித் தேடிக் கொன்றவர்களில் உள்ளூர் பிரியாயி அதிகாரிகளும் இருந்தனர். பான்டெனின் தலைநகர் சேராங்கை நோக்கி நகர்ந்த கூட்டம் துப்பாக்கிப் படைமுன் சிதறியது. ஜூலை முடிவதற்குள் ஹாஜி வாசித்தும் கொல்லப்பட்டார். பலர் தொலைதீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டனர். இந்தோனேசிய வரலாற்றாசிரியர் சர்தோனோ கார்தோடிர்ஜோ 1966இல் வெளியிட்ட ஆய்வு, இதை மதவெறிக் கலகம் என்ற டச்சு விளக்கத்திலிருந்து மீட்டு, உழவர் போராட்டமாக நிலைநிறுத்தியது.

கிளர்ச்சிக்குப் பின் ஹாஜிகள் எல்லோருமே சந்தேகத்துக்கு ஆளாகினர். மக்காவில் வாழ்ந்து நவவியையும் சந்தித்திருந்த டச்சு இஸ்லாமிய ஆய்வறிஞர் ஸ்னூக் ஹுர்க்ரோன்யே 1889இல் பத்தாவியா வந்து, இந்த அச்சம் மிகையானது என்று அரசுக்கு எடுத்துரைத்தார். வழிபாட்டில் தலையிடாதீர்கள், அரசியலில் மட்டும் விழிப்பாயிருங்கள் என்பது அவர் தந்த அறிவுரையின் சாரம். பிரியாயி பிள்ளைகளுக்கு மேனாட்டுக் கல்வி தரவும் அவர் முனைந்தார். மதரஸாவில் ஓதிய அஹ்மத் ஜயாடினிங்கிராட், ‘வில்லெம் வான் பான்டென்’ என்ற பெயரில் பத்தாவியாவின் ஐரோப்பியப் பள்ளியில் சேர்க்கப்பட்டு, 1901இல் சேராங் ரீஜென்ட் ஆனார். அவருடைய தம்பி ஹுசைன், பான்டென் அரச வரலாற்று ஏட்டை ஆராய்ந்து 1913இல் லைடனில் முனைவர் பட்டம் பெற்றார்.

கியாய்களின் வழி வேறாக இருந்தது. 1916இல் மெனெஸ் ஊரில் ‘மத்லஉல் அன்வார்’ கல்வி அமைப்பு பிறந்தது. 1926 நவம்பரில் பொதுவுடைமைக் கட்சி எழுப்பிய கிளர்ச்சியில் மெனெஸ், லபுவான் பகுதி ஆலிம்கள் முன்வரிசையில் நின்றனர். அவர்களுள் ஒருவரான அஹ்மத் காதிப், நியூகினியின் போவன் டீகோல் முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

1945இல் இந்தோனேசியக் குடியரசு அறிவிக்கப்பட்டதும் பான்டெனின் ரெசிடென்ட் பதவியில் அமர்ந்தவர் இந்த அஹ்மத் காதிப்தான். பிரியாயிகளிடமிருந்த பதவிகள் பலவும் கியாய்களிடம் வந்தன. சேராங்கின் புதிய ரீஜென்ட், மக்காவிலும் கெய்ரோவிலும் கற்றுச் சித்தாங்கிலில் மதரஸா நடத்திவந்த கியாய் ஹாஜி சியாமுன். இவர் 1888 கிளர்ச்சித் தலைவர் ஹாஜி வாசித்தின் பேரர். 2018இல் இந்தோனேசிய அரசு அவரைத் தேசிய வீரராக அறிவித்தது.