தேவபயமும் கொழுந்துத் தராசும்: மலையகக் கிறிஸ்தவத்தில் ஒரு திசைமாற்றம்

தமிழ்க் கூலி மிஷன் 1854இல் கண்டியில் தொடங்கியபோது இலங்கை மலையகத்தில் தேயிலை அல்ல, கோப்பிதான் விளைந்தது. தோட்டத்துரைமார் சிலர் முன்வந்து, சர்ச் மிஷனரி சங்கத்தோடு சேர்ந்து அதை அமைத்தார்கள். மேற்பார்வைக்கு வந்த செப்டிமஸ் ஹாப்ஸ் முன்பு திருநெல்வேலியில் ஊழியம் செய்தவர். உபதேசியார்களையும் திருநெல்வேலிச் சபைகளே அனுப்பின. மிஷனரிக்குச் சங்கம் சம்பளம் கொடுத்தது. உபதேசியார்களின் செலவைத் துரைமார் ஏற்றார்கள்.

‘தேவனுக்குப் பயந்து நட’ என்ற போதனை தோட்டத்தில் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதை ஆராய, இந்தப் பணவழியே முதல் சான்று. கொலோசெயர் 3:22 வேலைக்காரரிடம் தேவபயத்தோடு கூடிய கீழ்ப்படிதலைக் கேட்கிறது. நான்கு வசனம் தள்ளி 4:1, எஜமானுக்கும் பரலோகத்தில் ஓர் எஜமான் உண்டு என்று எச்சரித்து, அவனிடம் நீதி கேட்கிறது. துரையின் அனுமதியில், துரையின் பணத்தில் லயத்து (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) வாசலில் நின்று பேசியவருக்கு முதல் வசனம் எளிதாக வாய்த்திருக்கும். இரண்டாவதை உரக்கச் சொல்ல இடம் இருந்திருக்காது.

அதற்காக அந்த உபதேசியார்களைத் தாழ்த்திப் பேச எனக்கு மனமில்லை. அவர்களிடம் வேதம் வாசிக்க எழுத்துக் கற்றவன் கடன் துண்டையும் வாசிப்பான். தொழிலாளியைக் கடனால் கங்காணியோடு கட்டிப்போட்ட துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. அதுவரை, தன் பேரில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்வதே பெரிய பலம்.

லயத்து வாழ்க்கையில் தேவபயம் சின்னச் சின்ன முடிவுகளாகவே வெளிப்பட்டது. சம்பள நாளில் தவறணைப் பக்கம் போவதா, வீட்டுக்கு வருவதா? மாரியம்மன் திருவிழா வரியைக் கொடுப்பதா, மறுப்பதா? பொதுவாகக் கத்தோலிக்கக் குடும்பங்கள் இதில் இணங்கிப் போயின; பெந்தெகொஸ்தே சபையார் இறுக்கமாக நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக் கொழுந்து (கைமேல் காசுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை) இன்னும் சிக்கலானது. ஓய்வுநாளை ஆசரிக்கிற பெண்ணும் தேவனுக்குப் பயந்தவள்தான். கடைக் கடனை அடைக்காமல் ஆராதனைக்குப் போக மனம் கேட்காமல் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறுகிறவளும் அப்படித்தான். இவளைக் கண்டிக்கிற பிரசங்கம் அந்தக் கடன் எப்படி வந்தது என்றும் கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் கேள்வியைத் திருச்சபைக்குள் உரக்க எழுப்பிய காலம் 1970கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. 1973–74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. இந்தக் காலகட்டத்தில், 1972இல் இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் கண்டியில் ‘சத்யோதய’வைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் சேர்ந்து வாழ்ந்து உழைத்த அந்த இல்லம் தோட்டத் தொழிலாளரின் உரிமையைத் தன் அலுவலாக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் ஆயர் லியோ நாணயக்கார கண்டி ஆசனத்தை விட்டு, தோட்டங்கள் நிறைந்த, புதிதாக அமைந்த பதுளை மறைமாவட்டத்துக்குப் போனார்.

இவர்கள் பணியின் வெளிச்சத்தில் வேதத்தைத் திறந்தால், தேவபயம் வலியவனிடம் கேட்கப்படும் இடங்கள் கண்ணில் படுகின்றன. வேலை செய்பவனைக் கொடூரமாக ஆளாதே, தேவனுக்குப் பயப்படு என்கிறது லேவியராகமம் 25:43. முந்தைய அதிபதிகள் ஜனங்களிடம் பிடுங்கியதைத் தேவபயத்தால் தான் வாங்கவில்லை என்கிறார் நெகேமியா (5:15). பார்வோனின் கட்டளையை மருத்துவச்சிகள் மீறியதும் தேவனுக்குப் பயந்ததால்தான் (யாத்திராகமம் 1:17). மிஷன் தொடங்கி நூற்றிருபது ஆண்டுகளுக்குள், லயத்துக்குச் சொன்ன போதனை பங்களாவையும் அரசையும் நோக்கித் திரும்பியிருந்தது.

திரும்பிய போதனை இன்று வந்து நிற்கும் இடம் கொழுந்து நிறுக்கும் தராசு. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளின் கைக்குப் போனது. ஆனாலும் சாக்குக்கு இவ்வளவு, மழை ஈரத்துக்கு இவ்வளவு என்று நிறையில் கழிக்கும் வழக்கமும், அதையொட்டிய வாக்குவாதமும் ஓயவில்லை. அளவுக்கு ஒரு கிலோ குறைந்தாலும் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) அரைப்பேராகலாம். தராசில் நேர்மையை லேவியராகமம் 19:36 நேரடியாகவே கேட்கிறது. தராசருகே நிற்பவர் இப்போது வெள்ளைக்காரத் துரை அல்ல. ஞாயிறு காலை காணிக்கைப் பை ஏந்தும் சபை மூப்பராகவும் அவர் இருக்கலாம். கம்பெனி சொன்ன கழிவுக்கு மேல் இன்னும் ஒரு கிலோ கழிப்பதா வேண்டாமா என்பதைத் திங்கள் மாலை அவர்தான் முடிவு செய்கிறார்.