இசையரசியின் திரைப்பணி

திருவேங்கடவன் திருவடி நிழலில் வாழும் பேறு பெற்ற நமக்கு, எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. 1963ஆம் ஆண்டில் அவர் பாடி இசைத்தட்டாக வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதத்தைக் கேளாமல் விடியும் வீடு நம் குடியிருப்பில் அரிது. ஆயின், அவ்வம்மையார் திரைப்பட நடிகையாகவும் விளங்கியவர் என்பதை இளைஞருள் பலர் அறியார். அறிந்த பெரியோரும் அதனைச் சற்றே ஒதுக்கிப் பேசுவர். இசை தெய்விகம், நடிப்பு இழிவு என்னும் பழைய எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை அவருடைய வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

அம்மையார் 1916 செப்டம்பர் 16 அன்று மதுரையில் பிறந்தார். அன்னை சண்முகவடிவு வீணை வாசிப்பவர். பாட்டி அக்கம்மாள் பிடில் வாசித்தவர். ஊரும் அன்னையும் சேர்ந்தே எம். எஸ். என்னும் முன்னெழுத்துகளாயின. 1931இல் டி. பி. ராஜலட்சுமி அம்மையார் நடித்த 'காளிதாஸ்' வெளிவந்தது முதல் தமிழில் பேசும்படம் தொடங்கிற்று. பின்னணிப் பாடகர் முறை வேரூன்றாத அந்நாளில், நடிப்பவரே பாடவும் வேண்டும். ஆகவே பட முதலாளிகள் இசைவாணரைத் தேடினர். பெண்கள் நடிப்பதை ஊரார் இகழ்ந்தமையால், முன்வந்தோரும் சிலரே.

இந்நிலையில் 1938இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய 'சேவாசதனம்' வெளிவந்தது. பிரேம்சந்த் எழுதிய நாவலைத் தழுவிய கதை அது. வறுமையால் முதியவர் ஒருவருக்கு மனைவியாகி, அவருடைய சந்தேகத்தால் வீட்டினின்றும் விரட்டப்படும் சுமதியாக அம்மையார் நடித்தார். கணவராக நடித்த எப். ஜி. நடேசய்யர், திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரியாயிருந்தவர். ரசிக ரஞ்சன சபையை நிறுவியவர். ரயில்வேயில் பணிபுரியும் நாம் இதனை எண்ணிப் பெருமை கொள்ளலாம். பொருந்தா மணத்தின் கொடுமையை மேடைச் சொற்பொழிவுகள் கூறிய காலத்தில், அதனைக் கண்ணெதிரே காட்டியது இப்படம்.

1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் 'சகுந்தலை' வெளிவந்தது. துஷ்யந்தனாக நடித்தவர் சங்கீத வித்துவான் ஜி. என். பாலசுப்பிரமணியம். அவ்வாண்டிலேயே அம்மையார் தி. சதாசிவம் அவர்களை மணந்தார். அடுத்த ஆண்டில் 'சாவித்திரி' படத்தில் நாரதராக ஆண்வேடம் ஏற்றார். அதில் கிடைத்த ஊதியம் ஒரு பத்திரிகைக்கு முதலாயிற்று. சதாசிவமும் எழுத்தாளர் கல்கியும் 1941இல் தொடங்கிய 'கல்கி' வார இதழே அது. 'பொன்னியின் செல்வனை' வாராவாரம் காத்திருந்து படித்த தமிழர், அதற்கு இடம் தந்த இதழ் ஒரு பெண்மணியின் நடிப்பால் எழுந்தது என்பதையும் நினைவில் கொள்ளல் தகும்.

1945இல் வெளிவந்த 'மீரா'வே அவருடைய திரைப்பணிக்கு மகுடம். மீரா மருமகளாய்ச் சென்ற சித்தோர் ராஜஸ்தானத்தில் உள்ளது; நம் சித்தூர் வேறு. எனினும் அச்சித்தோரின் ராணாவாக நடித்தவர் நம் சித்தூர் வி. நாகையா அவர்களே! தெலுங்கு நாட்டின் பெருநடிகர் தமிழ்ப்படத்தில் நம் அம்மையாருடன் நடித்தார். 1947இல் இந்தியிலும் வெளிவந்த 'மீரா' வடநாட்டாரையும் கவர்ந்தது. புகழின் உச்சியில் நின்ற அந்நிலையிலேயே அம்மையார் திரையுலகை விட்டு விலகி, இசைக்கே தம்மை அளித்தார்.

பின்னர் அவர் பெற்ற சிறப்புகள் பல. 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். 1968இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற முதற் பெண்மணியானார். 1998இல் பாரத ரத்னா விருது பெற்றார். கச்சேரிகளால் வந்த பெரும்பொருளை அறப்பணிகளுக்கு ஈந்து, பெரிய மாளிகையை விட்டு எளிய இல்லத்தில் குடியேறினார். சுப்ரபாத இசைத்தட்டின் உரிமைத்தொகையையும் தேவஸ்தானத்திற்கே அளித்தார். 1980ஐ ஒட்டித் தேவஸ்தானத்தின் ஏற்பாட்டில், தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளைப் பாடி இசைத்தட்டுகளாக அளித்தார். தமிழ்த் தாய் பெற்ற மகள் பாடிய தெலுங்குக் கீர்த்தனைகளைத் தெலுங்கர் தம் வீட்டுப் பாடலாகவே ஏற்றனர். 2004 டிசம்பர் 11 அன்று அவர் மறைந்தபின், 2006இல் திருப்பதி நகரில் வெண்கலச் சிலையும் எழுப்பினர். மொழியால் வேறுபட்ட மண்ணில் வாழும் நம்மனோர்க்கு இதனினும் சிறந்த வழிகாட்டி வேறில்லை.

இவ்வரலாற்றில் மறைத்தற்குரியது யாது? பெண்ணின் துயரைச் 'சேவாசதனம்' உரைத்தது. பத்திரிகை ஒன்றைச் 'சாவித்திரி' வாழ்வித்தது. பக்தியை 'மீரா' பரப்பியது. பிற்காலத்தில் உலகம் வணங்கிய அதே குரலும் அதே உள்ளமுமே அன்று திரையிலும் தோன்றின. சங்க நாடகம் என்றால், "நம் வீட்டுப் பெண்ணை மேடை ஏற்றுவதா?" என்று தயங்கும் பெற்றோர் நம்மிடையே இன்றும் உளர். காலையில் சுப்ரபாதத்தைக் கைகூப்பிக் கேட்டுவிட்டு, மாலையில் மகளின் கலை ஆர்வத்திற்குத் தடை விதித்தல் முறையாகாது. கலையின் தகுதி அது நிகழும் இடத்தில் இல்லை. அதனைக் கையாள்வோரின் நோக்கத்தில் உள்ளது. இதனை உணர்ந்து, அடுத்த ஆண்டு விழாவில் நம் பெண்மக்கள் ஆடவும் பாடவும் நடிக்கவும் பெற்றோர் மனமுவந்து இசைவு தருவாராக!