கோமாளி மீன் கரையேறிய கதை

வண்ண மீன் கடையில் ஆரஞ்சு உடம்பும் மூன்று வெள்ளைப் பட்டையுமாக நீந்தும் கோமாளி மீனின் சொந்த ஊர் இந்தோனேசியாவின் ஒரு பவளப்பாறையாக இருக்கலாம். ஏதோ ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் கிடக்கும் சுட்ட மண் ஓடாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்வது கடினம். வீட்டிலேயே ஜோடி சேர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் ஆசை உள்ளவர்தான், “அண்ணா, இது கடல்ல பிடிச்சதா, பண்ணையில பொரிச்சதா?” என்று கேட்பார். 1960-களில் இப்படி யாரும் கேட்டிருக்க முடியாது. அப்போது எல்லாமே வலையில் வந்தவை.

இந்த மீன் ஐரோப்பியப் புத்தகங்களில் ஏறியதில் இலங்கைக்கும் பங்குண்டு. இலங்கைக் கரையோர மீன்களை வண்ணப் படங்களோடு தொகுத்த ஜே. டபிள்யூ. பென்னட், கிளார்க்கி என்ற கோமாளி இனத்தை 1830-இல் பதிவு செய்தார். இன்று கடைகளை ஆளும் ஒசெல்லாரிஸ் இனத்துக்கு பிரெஞ்சு அறிஞர் கூவியே பெயர் வைத்ததும் அதே ஆண்டில்தான். பெயர் கிடைத்துவிட்டது, குடியிருக்கும் வீடு எது என்று தெரியவில்லை. போர்னியோவை ஒட்டிய கடலில் சுற்றிவந்த ஆங்கிலேயர் கத்பர்ட் காலிங்வுட், பேருருவக் கடல் சாமந்தி ஒன்றின் உள்ளேயிருந்து மீன் வெளியே வருவதைக் கண்டு 1868-இல் எழுதினார். மற்ற மீன்களைக் கொட்டிக் கொல்லும் கொடுக்குகளுக்கு நடுவே இது சொகுசாகக் குடித்தனம் நடத்துகிறது என்பதை அவர் எழுதித்தான் உலகம் அறிந்தது.

அதற்குள் லண்டனில் கண்ணாடித் தொட்டி மோகம் பிறந்திருந்தது. 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலை மீன்களுக்கென்று ஒரு கூடம் திறந்தது; மறு ஆண்டே பிலிப் கோஸ் எழுதிய புத்தகம் அந்த மோகத்தை வீட்டு வரவேற்பறை வரை கொண்டுபோனது. ஆனால் அந்தத் தொட்டிகளில் இருந்தவை இங்கிலாந்துக் கரையின் குளிர்நீர் உயிர்கள். வெப்பக் கடல் மீன் ஒன்று கப்பலில் மாதக்கணக்கில் உயிரோடு வந்துசேரும் என்று எதிர்பார்க்க முடியாது.

கடல் வண்ண மீன் ஏற்றுமதி 1930-களில் சிறிய அளவில் தொடங்கியது இலங்கையில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த வியாபாரத்துக்குச் சிறகு முளைத்தது என்று சொல்வது வெறும் அலங்காரமல்ல. விமானமும், ஆக்ஸிஜன் அடைத்துக் கட்டிய பாலித்தீன் பையும் வந்தபின் கொழும்பில் பிடித்த மீன் ஓரிரு நாளில் ஐரோப்பாவில் நீந்தியது. முக்குளிப்பில் பேர்போன ராட்னி ஜோங்க்ளாஸ் போன்றவர்கள் பிடிப்பதையே தொழிலாக்கினார்கள். 1960-களில் அமெரிக்காவின் ஒஹையோவில் கடலுப்புக் கலவை பொட்டலமாக விற்பனைக்கு வந்ததும் கடலைப் பார்க்காத ஊர்க்காரரும் கடல் மீன் வளர்க்கலானார். பிலிப்பைன்ஸில் இதே காலத்தில் சயனைடு நுழைந்தது. பாறை இடுக்கில் அதைப் பீய்ச்சினால் மீன் மயங்கி வெளியே வரும், பவளம் செத்துப்போகும், பிடிபட்ட மீனும் பல நேரம் வாங்கியவர் வீட்டில் சில நாளில் மிதக்கும்.

கோமாளியைப் பிடிக்க இவ்வளவு மெனக்கெட வேண்டியதே இல்லை. தன் சாமந்தியை விட்டு அது எங்கும் ஓடாது, ஒரு கைவலை போதும். அதனாலேயே ஒரு பாறையைச் சீக்கிரம் காலி செய்துவிடவும் முடியும். பப்புவா நியூ கினியில் பெர்குலா இனத்தை ஆராய்ந்தவர்கள், கடலில் ஒரு பெண் மீன் முப்பது ஆண்டு வரை வாழலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நல்ல ஜோடி வேண்டும் என்று அதைத் தூக்கினால் அத்தனை ஆண்டுகளின் முட்டையும் சேர்ந்து போகிறது.

பண்ணை மீன் பிறந்த கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் கோமாளி அல்ல, அதன் குஞ்சுக்குத் தீனியான சின்ன உயிர்கள்தான். புதிதாகப் பொரித்த குஞ்சின் நீளம் மூன்று நான்கு மில்லிமீட்டர். அதன் வாய்க்குள் போகிற உயிருள்ள இரை கிடைக்காமல்தான் எல்லோரும் தோற்றார்கள். ஜப்பானில் விலாங்கு மீன் குளங்களை ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர் பாழாக்கிக்கொண்டிருந்தது. பெருகிப்பெருகி நீரின் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும், விலாங்குகள் செத்து மிதக்கும். இத்தனை வேகமாகப் பெருகுகிறதே, இதையே குஞ்சுகளுக்குத் தீனியாகப் போட்டால் என்ன என்று யோசித்தவர் தகாஷி இத்தோ. 1960-இல் அது தீனியாகிவிட்டது. அடுத்த கட்டத் தீனியான ஆர்ட்டீமியாவை 1930-களிலேயே சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆல்வின் சீலும் நார்வேயில் ரோலெஃப்செனும் மீன் குஞ்சுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். உப்பு ஏரிகளின் ஓரம் தூசியாய் ஒதுங்கும் அதன் காய்ந்த முட்டையை உப்புநீரில் போட்டால் ஒரு நாளில் பொரித்துவிடும். நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் இந்த உயிர் உண்டு.

1972-இல் ஃபுளோரிடாவைச் சேர்ந்த கடல் உயிரியலாளர் மார்ட்டின் மோ, ஒசெல்லாரிஸ் குஞ்சுகளை விற்கும் அளவுக்கு வளர்த்துக் காட்டினார். பிறகு ஆளாளுக்கு அதையே செய்யத் தொடங்கினார்கள்: ஃபுளோரிடாவில் பக்கத்துப் பண்ணைகள், போர்ட்டோ ரிக்கோ, பிரிட்டன். இப்போது வலை மீனுக்குப் பேர்போன பாலியிலும் பண்ணைகள் பொரிக்கின்றன.

வேலை இரவில்தான். மண் ஓட்டில் ஒட்டிய ஆரஞ்சு முட்டைகளை ஆண் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். ஒரு வாரத்தில் முட்டைக்குள் வெள்ளிக் கண்கள் மின்னும். அன்று மாலை ஓட்டைத் தனித் தொட்டிக்கு மாற்றி விளக்கை அணைத்தால், இருட்டிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கில் பொரிக்கும். நுண்பாசியால் பச்சையாக்கிய நீரில், மில்லிக்குப் பத்து ரோட்டிஃபராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளில் முதல் வெள்ளைப் பட்டை தெரிந்தால் கண்டம் தாண்டியாயிற்று.

ஜோடி சேர்ப்பது அதைவிட எளிது. குஞ்சுகள் எல்லாம் முதலில் ஆண்தான். அதிகாரம் பிடிப்பது பெண்ணாகும். ஃபிரிக்கே தம்பதி இதை 1977-இல் விளக்கினார்கள். ஆகவே ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டு குஞ்சு வாங்கினால் போதும். 2003-இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படம் இதைக் கண்டுகொள்ளவில்லை: தாயை இழந்த வீட்டில் அப்பாவே அம்மாவாகியிருக்க வேண்டும்! அந்தப் படத்தால் கடலே காலியாகிவிட்டது என்ற பேச்சும் அப்போது கிளம்பியது. பின்னால் தரவுகளைத் தேடிப் பார்த்த ஆய்வாளர்களுக்கு வலுவான சான்று கிடைக்கவில்லை.

பண்ணைகள் அதற்குள் வேறு பாதையில் இறங்கிவிட்டன. வெள்ளை தாறுமாறாகப் படர்ந்த ஒரு குஞ்சு தற்செயலாகத் தோன்ற, அதைத் தனியே பெருக்கி ‘ஸ்னோஃபிளேக்’ என்று விற்றார்கள். ஆனாலும் புது வடிவத்துக்கு மறுபடி கடலைத்தான் நம்ப வேண்டியிருந்தது. மின்னல் போலக் கிளைத்த பட்டையுடன் பப்புவா நியூ கினியில் பிடிபட்ட ஒரு மெரூன் கோமாளி 2010-இல் அமெரிக்கா போனது, 2012-இல் முட்டையிட்டது.

வீட்டில் தொடங்குபவருக்கு என் ஓட்டு பண்ணை மீனுக்குத்தான். உருண்டைத் தீனி தின்னும். கடலிலிருந்து வந்த சோர்வில் கோமாளிகளை வாரிக்கொண்டுபோகும் புரூக்ளினெல்லா நோய் தொற்றும் வாய்ப்பு குறைவு. ஓரிரு வருடம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கடல் ஜோடி உடனே முட்டையிடலாம், ஆனால் முதல் மாதத்தைத் தாண்ட வேண்டும். கடல் மீனை வைத்து வம்சம் வளர்க்கும் வேலையைப் பிடித்த இடத்தைக் குறித்து வைக்கும் பண்ணைகளிடம் விட்டுவிடலாம். அப்படிக் குறிக்காததால்தான் ஒசெல்லாரிஸும் பெர்குலாவும் கலந்த குஞ்சுகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் கோமாளிகளைப் பொரிக்கக் கற்றுக்கொண்டு பல வருடமாகிவிட்டது. அங்கே பொரித்தவற்றில் மன்னார் வளைகுடாவிலும் வாழும் சேபே இனமும் ஒன்று. அதை வாங்குபவர் தொட்டியின் அளவை மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும். ஒசெல்லாரிஸைவிடப் பெரிதாக வளரும், வளர்ந்த பெண் மீன் தொட்டிக்குள் விடும் கையையும் கடிக்கும்.