சொல்லுக்குக் காசு கொடுத்த காலம்

மலர்க்குழுத் தம்பிகள் கட்டுரை கேட்டு வந்தபோது தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார்கள். "சார், தப்பா நினைக்காதீங்க. மூணு பக்கத்துக்கு மேல போகாம பார்த்துக்குங்க. போன தடவை ஒருத்தர் பதினோரு பக்கம் குடுத்துட்டார். வெட்டவும் முடியல, போடவும் முடியல." எனக்குச் சிரிப்பு வந்தது. எதைப் பற்றி எழுதுவது என்ற கவலையும் அத்தோடு தீர்ந்தது. நீளமான செய்தியை எப்படிச் சமாளிப்பது என்பது மனிதனுக்குப் பழைய பிரச்சினை. அதன் வரலாற்றையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் தென்னேரிக்காரன். எங்கள் பக்கத்தில் உத்திரமேரூர் கல்வெட்டைத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. யார் தேர்தலில் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்பதையெல்லாம் விலாவாரியாகச் சொல்பவை. சட்டம் என்றால் விரிவு வேண்டும், அதனால் கல்லில் நீளமாக எழுதினார்கள். ஆனால் அதே தேர்தலில் குடத்தில் போட்ட ஓலையில் பெயர் மட்டும் இருந்தால் போதும். எதை விரிக்க வேண்டும், எதைச் சுருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

காசு கொடுத்துச் சுருக்கக் கற்றுக்கொண்டது தந்தி வந்த பிறகுதான். 1850-ல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே சோதனையாக முதல் கம்பி போடப்பட்டது. போட்டவர் ஓஷாக்னசி என்ற மருத்துவர். 1854-க்குள் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை நகரங்கள் கம்பியால் இணைந்தன. 1855-ல் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். 1870-71-ல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பி போயிற்று. கப்பலில் நாள் கணக்கில் போன சேதி மணிக்கணக்கில் போய்ச் சேர்ந்தது.

ஆனால் ஒரு கம்பியில் ஒரு நேரத்தில் இத்தனை செய்திதான் போகும். ஒவ்வொரு எழுத்தையும் ஓர் ஆள் உட்கார்ந்து கட்டுக் கடகட என்று தட்ட வேண்டும். ஒருவர் நீட்டி முழக்கினால் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் காத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தார்கள். 1866-ல் அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தந்தி கொடுக்க 20 சொல்லுக்கு 20 பவுன் கேட்டார்களாம்! அந்தக் காலத்தில் அது எத்தனை பேருடைய சம்பளம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

காசு என்று வந்துவிட்டால் மனித மூளை சும்மா இருக்குமா? வணிகர்கள் சங்கேத அகராதிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். 'ஏ.பி.சி. கோடு' என்ற புத்தகம் 1870-களிலேயே வந்துவிட்டது. ஒரு முழு வாக்கியத்துக்கு ஒரே ஒரு சொல். சிலர் இரண்டு மூன்று சொற்களை ஒட்டி ஒரே சொல்லாக எழுதிப் பார்த்தார்கள். உடனே சர்வதேச விதியில் ஒரு சொல்லுக்கு 15 எழுத்துதான் என்று கட்டுப்பாடு வந்தது. இந்த விளையாட்டுக்கு நம் தமிழ் வெகு பொருத்தம். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கில எழுத்தில் எழுதினாலோ 15-ஐத் தாண்டிவிடும், இரண்டு சொல் கணக்கு!

நம் நாட்டுத் தந்தி இலாகாவும் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தது. அதுதான் வாழ்த்துத் தந்தி. பண்டிகைக்கும் திருமணத்துக்கும் தேர்வு வெற்றிக்கும் வாசகங்களை அச்சிட்டு எண் கொடுத்திருந்தார்கள். தீபாவளிக்கு 1, நீடூழி வாழ்க என்று மணமக்களை வாழ்த்த 8. நாம் எண்ணை எழுதினால் போதும், அந்தப் பக்கத்து அலுவலகம் முழு வாசகத்தையும் எழுதி உறையில் போட்டுக் கொடுத்துவிடும். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் தாலி கட்டி முடிந்ததும் ஒருவர் எழுந்து வாழ்த்துத் தந்திகளை வாசிப்பார். பத்துத் தந்தியிலும் ஒரே வாக்கியம்தான் இருக்கும். ஆனாலும் பெண் வீட்டாருக்கு அதில் ஒரு பெருமை.

தந்தி எவ்வளவு ஆழமாக நம் பேச்சில் இறங்கிவிட்டது பாருங்கள். குளிரில் பல் 'தந்தி அடிக்கிறது' என்கிறோம். 1942-ல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய நாளேட்டுக்குத் 'தந்தி' என்றே பெயர் வைத்தார். ஆனால் கிராமத்தில் அந்தப் பெயரைக் கேட்டாலே பயம். காக்கிச் சட்டைக்காரர் சைக்கிளில் ஏரிக்கரை மேல் வருவதைப் பார்த்தாலே, பிரிப்பதற்கு முன்பே அழுகை தொடங்கிவிடும். சாவுச் செய்திக்குத்தான் பெரும்பாலும் தந்தி. அதையும் யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். "சீரியஸ், உடனே புறப்படு" என்றுதான் கொடுப்பார்கள். படிப்பவர் புரிந்துகொள்வார்.

இங்கேதான் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1979-ல் நான் விடுதியில் இருந்தபோது சித்தப்பாவிடமிருந்து தந்தி வந்தது. "பாட்டி சீரியஸ். உடனே புறப்படு." அறை நண்பர்கள் சுற்றி நின்றார்கள். "போயிட்டாங்கடா, மனசைத் தேத்திக்கோ" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆளுக்கு ஐந்து, பத்து என்று போட்டுப் பஸ்ஸுக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த நண்பர்களில் சிலர் இந்த மலரைப் படிப்பார்கள், அவர்களுக்கு இப்போதாவது என் நன்றி. இரவுப் பஸ் ஒன்று இருந்தது. போனாலும் முகம்தானே பார்க்கப் போகிறோம் என்று விடியற்காலைப் பஸ்ஸில்தான் ஏறினேன்.

வீட்டு வாசலில் கூட்டம். பாட்டி அன்று அதிகாலையில்தான் கண்ணை மூடியிருந்தாள். ராத்திரி முழுக்க நினைவோடு இருந்து, "பையன் வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் சித்தப்பாவிடம் கத்தினேன். அவர் திகைத்துப்போய், "சீரியஸ்னுதானேடா குடுத்தேன்? செத்துட்டாங்கன்னா குடுத்தேன்?" என்றார். அவர் மேல் என்ன தப்பு? அவர் உண்மையைத்தான் எழுதினார். எல்லோரும் பொய்யாகப் பயன்படுத்திய சொல், உண்மையாக வந்தபோது வேலை செய்யவில்லை. 'பேசுகிறாள்' என்று ஒரு சொல் கூடச் சேர்த்திருந்தால் நான் இரவே ஏறியிருப்பேன்.

பிறகு எஸ்.டி.டி. வந்தது, கைபேசி வந்தது. 1992-ல் முதல் எஸ்.எம்.எஸ். போனது. மறுபடியும் அளவுதான்! ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70. அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, அந்தக் கணக்கில் ஏழு. நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணம். தந்திக்கு 2011-ல் 50 சொல்லுக்கு 27 ரூபாய் என்று கட்டணத்தை உயர்த்திப் பார்த்தார்கள், பயனில்லை. 2013 ஜூலை 14-ஆம் தேதி கடைசி நாள். நூற்று அறுபது ஆண்டுக் கதை முடிந்தது.

இப்போது சொல்லுக்குக் காசு இல்லை. நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் காலையில் எழுந்தால் ஒரு முழம் நீளத்துக்குச் செய்திகள் நிற்கின்றன. அன்று நீளத்துக்கான செலவு எழுதுகிறவருடையது. இன்று அது படிக்கிறவர் தலையில் விழுகிறது, காசாக அல்ல, நேரமாக. நூறு பேர் இருக்கும் குழுவில் ஒருவர் இரண்டு நிமிடச் செய்தி போட்டால் மொத்தத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்விடுகிறது. நடுவில் யாராவது "ரத்தம் தேவை" என்று எழுதியிருந்தால் அதுவும் அடியில் புதைந்துபோகிறது.

ஆகவே மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அனுப்புவதற்கு முன் தந்திப் படிவத்தில் எழுதுவதாக நினைத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். பாதி தானாகவே போய்விடும். ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டிவிடாதீர்கள். எது அந்தச் சொல் என்பது படிக்கப் போகிறவரை நினைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்று பக்கம் முடிந்துவிட்டது. மலர்க்குழுத் தம்பிகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று நம்புகிறேன். மற்றதை நேரில் பேசிக்கொள்வோம், அதற்குக் கட்டணம் இல்லை.