குறுக்கமும் தேய்மானமும்: தடித்த தலைப்பெழுத்தும் தமிழ் வரிவடிவமும்

முன்னுரை

ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி மலைத்தொடரில் ஏறும் பேருந்தின் முகப்புப் பலகையில் ‘பாச்சலூர்’ என்று எழுத ஐந்து எழுத்துகள் போதும். ஆயினும் அவற்றுள் இரண்டின் தலையில் புள்ளி வேண்டும். ஒன்று துணைக்கால் பெறும். ‘லூ’ வலப்புறம் நீளும். குறுகிய இடத்தில், தொலைவிலிருந்தும் தெரியுமாறு எழுதவேண்டிய இத்தகைய தேவையே தடித்த குறுகிய தலைப்பெழுத்துகளைத் தோற்றுவித்தது. உரோமன் எழுத்தில் எளிதாக நிறைவேறிய அத்தேவை, தமிழில் எழுத்துகளின் வேறுபாட்டோடே மோதுகிறது என்பதை அச்சு வரலாறு காட்டுகிறது.

தொழிற்புரட்சியும் சுவரொட்டியும்

இவ்வகை எழுத்துகள் 19ஆம் நூற்றாண்டு விளம்பரச் சுவரொட்டிகளில் பெருகின. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மர அச்செழுத்துகளை இயந்திரத்தின் துணையால் பெருமளவில் செதுக்கத் தொடங்கினார். 1965இல் ஜெஃப்ரி லீ வடித்த ‘இம்பாக்ட்’ அம்மரபின் பிற்கால வடிவம். பலமுறை அச்சேறித் தேய்ந்த மர எழுத்தின் தோற்றத்தை இன்றைய கணினி எழுத்துருக்கள் அழகுக்காகவே போலச்செய்கின்றன. உரோமன் பேரெழுத்துகள் பலவும் நேர்கோடுகளால் ஆனவை. நெருக்கினாலும் சற்றே சிதைந்தாலும் அடையாளம் இழப்பதில்லை.

தமிழ் அச்சின் இடச்சிக்கனம்

தமிழச்சு இடநெருக்கடியை வேறு வழியில் எதிர்கொண்டது. 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துகள் மிகப் பெரியவை. தாளைப் பெரிதும் விழுங்கின. எனவே பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1715இல் புதிய ஏற்பாடு நிறைவுற்றது. பின்னர் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் சிறிய, தெளிவான எழுத்துகளை உருவாக்கினார். வின்சுலோவின் அகராதி 1862இல் அங்கு அச்சாயிற்று. இருவிடத்தும் எழுத்து அளவில் சிறுத்ததேயன்றி அகலத்தில் மட்டும் நெருக்கப்படவில்லை.

1935இல் பெரியார் ‘குடி அரசு’ இதழில் கையாண்டு, 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் அச்செழுத்துகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. ஆனால் ணை, லை, ளை, னை ஆகியவற்றில் மெய்யோடு பிணைந்து ஓருருவாய் நின்ற ஐகாரக்குறி தனியே பிரிந்தது. கோப்பு எளிதாயிற்று, வரியோ நீண்டது.

சுழியும் புள்ளியும்

தடிப்பும் குறுக்கமும் கூடும்போது எழுத்தின் உள்வெளி அடைபடுகிறது. ண, ன ஆகியவற்றைப் பிரிப்பது சுழி எண்ணிக்கையே. அது மங்கினால் ‘மணம்’ ‘மனம்’ ஆகிவிடும். தேய்மானத் தோற்றத்தில் இடர் இன்னும் மிகுதி. புள்ளி மறைந்தால் ‘பல்’ ‘பல’ ஆகும். புள்ளியிடாத ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தோர் எதிர்கொண்ட ஐயம், அச்சு நிலைப்படுத்திய புள்ளியால் நீங்கியது. அழகுக்காகப் புள்ளியைச் சிதைப்பது அதனை மீண்டும் அழைப்பதாகும்.

முடிவுரை

2022இல் வெளியான ‘அனெக் தமிழ்’ எழுத்துரு, தடிப்பையும் அகலத்தையும் தனித்தனியே மாற்ற இடந்தருகிறது. ஆகவே தமிழில் குறுகிய தடித்த எழுத்து இயலாததன்று. ஆனால் உரோமன் வடிவை அளவுகோலாகக் கொண்டு நெருக்குவது போதாது. கோட்டின் விளிம்பு தேயலாம். சுழியும் புள்ளியும் தேயலாகா. தமிழ்த் தலைப்பெழுத்தை வடிப்போர்க்கு அழகியலினும் முற்பட்ட விதி இதுவே.