பிளஸ் ஒன் படிக்காத வகுப்பறைகள்: நாமக்கல் விடுதிப் பள்ளிகளும் மாணவர் படைப்பாற்றலும்

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு ஆகிய ஊர்களைச் சுற்றி எழுந்த தனியார் விடுதிப் பள்ளிகள், பிளஸ் டூ பொதுத்தேர்வில் மாநில அளவிலான இடங்களைத் தொடர்ந்து கைப்பற்றியதால் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் மாணவர்களை ஈர்த்தன. அதே காரணத்தால் ‘பிராய்லர் பள்ளிகள்’ என்னும் கடுஞ்சொல்லுக்கும் ஆளாயின. விடியற்காலை தொடங்கி இரவு வரை நீளும் படிப்பு நேரமும் ஓயாத தேர்வுகளும் மாணவரின் படைப்பாற்றலை, அதாவது புதிய எண்ணங்களை உருவாக்கி, அவற்றைச் சீர்தூக்கி, செம்மைப்படுத்தும் திறனை, நசுக்கிவிட்டன என்பது பொதுவான குற்றச்சாட்டு. நசுக்கப்பட்டது உண்மை. ஆனால் அதற்குக் கடும் உழைப்பே காரணம் என்று கொள்வது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உழைப்பின் மிகுதிதான் காரணம் என்றால், அதன் விளைவை முதலில் தென்கொரியாவில் காண வேண்டும். பள்ளி முடிந்ததும் ‘ஹாக்வோன்’ எனப்படும் தனிப்பயிற்சி நிலையங்களுக்குச் செல்லும் மாணவர்களை இரவு 10 மணிக்காவது வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று சோல் நகரில் விதி செய்யும் அளவுக்கு அங்கே போட்டி கடுமையானது. இருந்தும், 15 வயது மாணவரின் திறனை நாடுகளுக்கிடையே அளக்கும் பிசா ஆய்வு 2022-இல் படைப்புச் சிந்தனையை முதன்முறையாக மதிப்பிட்டபோது, 60-க்குச் சிங்கப்பூர் 41 புள்ளிகளும் கொரியாவும் கனடாவும் 38 புள்ளிகளும் பெற்று முன்னணியில் நின்றன. ஓர் எழுத்துத் தேர்வு படைப்பாற்றலின் முழுமையையும் அளந்துவிடாது. கொரிய மாணவரின் மன உளைச்சலையும் இப்புள்ளிகள் மறைத்துவிட முடியாது. எனினும், கடும் படிப்பும் படைப்பாற்றலும் ஒன்றையொன்று விலக்குபவை என்னும் எளிய முடிவை இவை அசைத்துவிடுகின்றன.

நாமக்கல் முறையின் தனித்தன்மை வேறோரிடத்தில் இருந்தது. தொழிற்கல்விச் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு கிராமப்புற மாணவருக்குத் தடையாக உள்ளது என்னும் நியாயமான காரணத்தால் 2006-ஆம் ஆண்டின் சட்டம் அதை நீக்கியபின், பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே மருத்துவ, பொறியியல் இடங்களுக்கான அளவுகோலாயிற்று. பொறியியலுக்குக் கணிதத்தில் 100, இயற்பியலிலும் வேதியியலிலும் ஐம்பது ஐம்பது என 200-க்குக் கணக்கிடப்பட்ட ‘கட்-ஆஃப்’ மதிப்பெண்ணில் பிளஸ் ஒன் பாடங்களுக்கு இடமே இல்லை. ஆகவே பள்ளிகள் பல அந்த ஆண்டையே கைவிட்டு, பிளஸ் டூ பாடத்தை இரண்டு ஆண்டுகள் நடத்தின. எல்லை, தொடர்ச்சித்தன்மை என்னும் கருத்துகளைப் பிளஸ் ஒன்னில் கற்காத மாணவர், பிளஸ் டூவில் வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகளை எதிர்கொள்ளும்போது, வழிமுறை ஏன் செல்லுபடியாகிறது என்று கேட்க அடிப்படையின்றி, அதை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியற்றவராகிறார். இயக்கவியலும் வெப்ப இயக்கவியலும் படிக்காமல் இயற்பியலில் முழு மதிப்பெண் பெற்றவரின் நிலையும் இதுவே. கேள்வி பிறப்பதற்குரிய அறிவே மறுக்கப்பட்டதுதான் இங்கே நிகழ்ந்த கேடு. இதில் பள்ளிகளின் பொறுப்பைக் குறைத்து மதிப்பிட இயலாது; ஆனால் நிலத்தை அடகு வைத்துக் கட்டணம் செலுத்திய உழவர் குடும்பத்தையும், அந்த வழியைத் திறந்துவைத்த சேர்க்கை விதியையும் பார்க்காமல் பள்ளியை மட்டும் பழிப்பது அரைகுறை ஆய்வாகும்.

2017-இல் தரவரிசை அறிவிப்பு நிறுத்தப்பட்டு, பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது சரியான திருத்தம். மறு ஆண்டே, உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் ஒன் மதிப்பெண் கணக்கிடப்படாது என்று அரசு அறிவித்ததால் அதன் வலிமை பாதியானது. மருத்துவத்துக்கு ‘நீட்’ தேர்வு இரண்டு ஆண்டுப் பாடத்தையும் கட்டாயமாக்கியது; ஆயினும் கொள்குறி வினாக்களுக்கான விரைவுப் பயிற்சியே அதன் பெயரால் வளர்ந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, மாணவரின் சுமையைக் குறைக்க வேண்டும் என்னும் பரிவான நோக்கத்தோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வை நீக்கியுள்ளது. பொறியியல் சேர்க்கை இன்றும் பிளஸ் டூ மதிப்பெண்ணையே சார்ந்திருப்பதால், பழைய வழி மீண்டும் திறந்துகொள்ளும் ஆபத்து வெளிப்படையானது.

தேர்வற்ற ஓராண்டு தன்னளவில் படைப்பாற்றலை வளர்க்காது. அந்த நேரத்தை எதற்குக் கொடுப்பது என்பதே முதன்மையான கேள்வி. 2016 முதல் கொரிய நடுநிலைப் பள்ளிகள் அனைத்திலும் நடைமுறைக்கு வந்த ‘தேர்வில்லாப் பருவம்’, எழுத்துத் தேர்வுகளை நீக்கியதோடு செயல்திட்டங்களுக்கும் தொழில் அறிமுகத்துக்கும் அந்நேரத்தை ஒதுக்கியது. இவ்வகைக் கல்விக்கு நாமக்கல் சமவெளியைவிட வாய்ப்பான நிலம் தமிழகத்தில் அரிது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், இந்தியாவெங்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டச் செல்லும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும், உயர்கல்வி பெறாத பலரின் கைத்திறனாலும் சமயோசிதத்தாலும் வளர்ந்தவை. பாறையின் தன்மைக்கேற்ப அழுத்தத்தை மாற்றும் ரிக் தொழிலாளியின் முடிவும், சுமையின் வகைக்கேற்பச் சட்டத்தை வலுப்படுத்தும் கொல்லரின் கணிப்பும் பிளஸ் ஒன் இயற்பியலின் உயிருள்ள பாடங்கள். அவற்றுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், மதில் சூழ்ந்த விடுதிகளில், அதே இயற்பியலைத் தொடாமலே மாணவர்கள் தேறிச் சென்றார்கள் என்பது வேதனைக்குரியது.

ஆகவே பிளஸ் ஒன்னில் ஒரு பருவத்தை இத்தகைய செயல்திட்டத்துக்கு ஒதுக்கி, அதன் மதிப்பீட்டுக்குச் சேர்க்கையில் சிறு பங்கேனும் அளிக்க வேண்டும். பள்ளிகளே வழங்கும் மதிப்பெண் ஊதிப் பெருக்கப்படும் என்னும் மறுப்பு வலுவானது. ஆனால் பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வர்களை அனுப்பும் ஏற்பாடு ஏற்கெனவே உள்ளது. அவர்களைக் கொண்டே, மாணவர் தாம் செய்ததை விளக்கிக் காரணம் கூற வேண்டிய நேர்முகத் தேர்வாக அதை நடத்தினால், மனப்பாடம் அங்கே பெரிதும் உதவாது.