தணிகை வழக்குகளும் நூற்சான்றும்

சமய வழக்கு ஒன்று மறைநூலிற் பிறந்ததா, மக்கள் மரபிற் பிறந்ததா என்னும் வினாவைக் கிறித்தவ உலகம் நானூறு ஆண்டுகட்கு மேலாக ஆராய்ந்து வருகின்றது. மறைநூல் ஒன்றே முடிந்த அளவை என்றார் மார்ட்டின் லூத்தர். நூலையும் வழிவழி வந்த மரபையும் ஒத்த மதிப்புடன் ஏற்பதாக 1546இல் திரெந்து நகரிற் கூடிய கத்தோலிக்கப் பேரவை விடையிறுத்தது. தமிழ்நாட்டிலும் இவ்வினா எழுந்ததுண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் ஏக இரட்சகர் சபையைத் தோற்றுவித்த அருமைநாயகம் என்னும் சட்டம்பிள்ளை, ஐரோப்பியர் கொணர்ந்த வழக்குகள் பலவற்றிற்கு விவிலியத்திற் சான்றில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமையை விடுத்துச் சனிக்கிழமையையே ஓய்வுநாளாகக் கொண்டார். பழைய ஏற்பாட்டைக் காட்டி வழிபாட்டில் நறும்புகைக்கும் இடந்தந்தார்.

இவ்வாறு நூலைத் திறந்து பார்ப்போர்க்கு வியப்புகள் பல உள. கிறித்து பிறந்த நாள் டிசம்பர் 25 என்று நற்செய்தி நூல்கள் நான்கனுள் ஒன்றும் கூறவில்லை; அந்நாள் கி.பி. 354ஆம் ஆண்டைச் சார்ந்த உரோமை நாட்காட்டித் தொகுப்பிற் காணப்படுகின்றது. குழந்தையைக் காணவந்தோர் 'மூவரசர்' என்பது நம் நாட்டுக் கிறித்தவரும் அறிந்த வழக்கு. மத்தேயு நற்செய்தியோ அவர்களை அரசர் என்னவில்லை. மூவர் என்றும் எண்ணவில்லை. பொருள்கள் மூன்று ஆதலின், கொணர்ந்தோரும் மூவராயினர் போலும்!

இவ்வளவுகோலை நம் கோயில் வழக்குகளின்மேல் வைத்துப் பார்க்கத் தமிழாய்வாளர் தயங்குவது ஏன் என்பது எமக்கு விளங்கவில்லை. ஈண்டுத் திருத்தணிகையை எடுத்துக்கொள்கின்றோம்.

திருத்தணிகை முருகனின் அறுபடைவீடுகளுள் ஐந்தாவது என்பதும், நக்கீரர் பாடிய திருமுருகாற்றுப்படையே அதற்குச் சான்று என்பதும் இன்று நிலைபெற்ற கருத்துகள். அந்நூலின் 317 அடிகளுள் எங்கேனும் தணிகை என்னும் பெயர் உண்டா? இல்லை. பரங்குன்றம், அலைவாய், ஆவினன்குடி, ஏரகம் என நான்கு தலங்களைக் கூறியபின் நூல் சொல்வது 'குன்றுதோறாடல்'. 'தோறு' என்பது பலவற்றையும் தனித்தனியே தழுவும் இடைச்சொல். குன்றுகள் பலவற்றினும் ஆடுதல் என்பதே அத்தொடர்க்கு நேர்பொருள். வேலனும் குறவரும் குரவையும் அப்பகுதியிற் காட்சி தருதலின், அஃது ஓரூரைச் சுட்டாது குறிஞ்சி நிலம் முழுவதையும் தழுவிநிற்றல் தெளிவு. அதனை ஒரு குன்றின்மேல் நிறுத்துதல் இலக்கணத்தோடு பொருந்தாது.

'அறுபடைவீடு' என்னும் சொல்லாட்சியும் ஆராய்தற்குரியது. 'ஆற்றுப்படை வீடு' என்பதே மக்கள் நாவில் 'ஆறுபடை வீடு' எனத் திரிந்தது என்று அறிஞர் கூறுவர். அது பொருத்தமாகவே தோன்றுகின்றது. படைவீடு என்பது பாசறை. சூரனொடு பொரச் சென்ற சேனை தங்கிய செந்திலுக்கு அப்பெயர் தகும். ஆவினன்குடிக்கு எவ்வாறு தகும்? ஆற்றுப்படை அறுபடையானபின் ஆறு என்னும் தொகை நின்றது. தொகை நின்றபின் ஆறு ஊர்களும் வேண்டப்பட்டன. மூவரசர் தோன்றிய நெறியும் இதுவே. ஏரகத்தைச் சுவாமிமலையாகக் கொள்வது இன்றைய வழக்கு. நச்சினார்க்கினியரோ அது மலைநாட்டகத்துத் திருப்பதி என உரைத்தார். பெயர் சுட்டிய ஏரகத்திற்கே இந்நிலையாயின், பெயர் சுட்டாத குன்றுதோறாடலைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

இம்முடிவைச் சொல்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது திருத்தணி அதன்பாற் பட்டது; ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தொடு சேர்ந்தது. எல்லையோரத்து ஊருக்குப் பழந்தமிழ் நூற்சான்று தேடும் ஆவல் தமிழர்க்கு இயல்பே. யாமும் அதற்கு விலக்கல்லேம். ஆயினும் ஆவல் சான்றாகாது.

சான்று வேண்டுவோர் மலையடிவாரத்து வீரட்டானேசுவரர் கோயிலுக்குச் செல்லலாம். நம்பி அப்பி என்பவர் எடுப்பித்த அக்கற்றளியில் 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட அபராசிதவர்ம பல்லவனின் கல்வெட்டு உள்ளது. அதிலுள்ள தமிழ் வெண்பா அவ்வரசனே இயற்றியது என்று கல்வெட்டே கூறுகின்றது. ஊர்ப்பெயரும் அதில் உண்டு. பல்லவ வேந்தன் தன் வாயாற் பாடிய தமிழ், நாளும் இடமும் ஐயமற விளங்கக் கல்லில் நிற்பது சிறு பெருமையன்று. இதனை விடுத்துக் குன்றுதோறாடலைப் பற்றிக்கொள்வானேன்? அக்கல்வெட்டு முருகனைப் பேசவில்லையே எனின், சிவன்கோயிற் கல்வெட்டுச் சிவனைப் பேசும். அதுகொண்டு மலைமேல் அந்நாளில் முருகன் இல்லை என்று முடிபு கூறலாகாது.

எல்லா வழக்கும் நூலுக்குப் புறம்பானவை அல்ல. கந்தசட்டியில் ஏனைய முருகன் தலங்களிற் சூரசங்காரம் நிகழும். தணிகையில் அஃது இல்லை, மலர் வழிபாடே உண்டு. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில், வள்ளியம்மை திருமணப் படலத்தில், போர்ச்செயல் நீங்கி வந்தமர்ந்த மலையாதலிற் 'செருத்தணி' எனப் பெயர் பெற்றது என்று முருகனே வள்ளிக்குக் கூறுகின்றான். சூரசங்காரம் செய்யற்க என்று புராணம் விதிக்கவில்லை. சினம் தணிந்த இடத்திற் போர் நடித்துக் காட்டுதல் தகாது என மக்களே உய்த்துணர்ந்தனர். நூலினின்று முளைத்த மரபு என இதனைத் தனிவகையாக வைத்தல் வேண்டும். அதே படலம் வள்ளி திருமணத்தை வேடர் சிற்றூரில் முடித்து, அதன்பின்னரே இருவரையும் தணிகைக்குக் கொணர்கின்றது. மணம் தணிகையிலேயே நிகழ்ந்தது என்போர் இதனை நோக்குக.

இனி, நூலே வேண்டாது பிறந்த வழக்கு ஒன்றும் இங்கு உண்டு. மலைப்படிகள் 365, ஆண்டின் நாள்கட்கு ஒத்தவை என்பர். ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் நாளும் அப்படிகட்குப் பூசை செய்து திருப்புகழ் பாடி மலையேறும் விழாவை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கியவர் வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள். புத்தாண்டு நாளில் வெள்ளைத் துரைமாரைக் கண்டு வாழ்த்தச் சென்ற மக்களைத் தணிகைத் துரையிடம் திருப்பவே அவர் இதனை ஏற்படுத்தினார் என்று கூறுவர். தோற்றியவர் பெயரும் காரணமும் இவ்வளவு தெளிவாக அறியப்பட்ட வழக்கு தணிகையில் வேறில்லை. இதற்கு ஆகமச் சான்று கேட்பார் எவரையும் யாம் கண்டிலேம். அந்நாளிற் படிதோறும் ஏற்றப்படும் கருப்பூரமோ ஆண்டுதோறும் மிகுந்துவருகின்றது.